சுண்டைக்காயும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழுது பார்க்கும் விஷயத்தில் இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு கிடையாது. குடைக் கம்பி ஒடிந்தாலும் சரி, சுவர்க் கடிகாரம் நின்றாலும் சரி, வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பழமொழியை எடுத்து வீசுவார். விவாதம் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் சைக்கிள் விஷயத்தில் மட்டும் அது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

எங்கேயோ மோதி அடிபட்ட சைக்கிள் ஒன்றை வாசல் திண்ணையில் சாத்தி வைத்துப் பாருங்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள் ஆகிவிடுவார்கள். "ஃபிரேம் போய்விட்டது ஸார், பேசாமல் காயலான் கடையில் போடுங்கள்" என்பார் ஒருவர். "சேச்சே! அந்தக் காலத்து இரும்பு ஸார் இது. ஒரு பற்று வைத்தால் இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்பார் இன்னொருவர். இருவருமே சைக்கிளைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த மாதிரி விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் ஞாபகம் வரும். அவர் பெயர் யூஜேன் கிறிஸ்தோஃப். 1885-ம் வருஷத்தில் பிறந்தவர். பூட்டுத் தொழில் கற்றவர். பிறகு சைக்கிள் பந்தயக்காரராகப் பேர் வாங்கினார். ஒடிந்த சைக்கிளைப் பழுது பார்ப்பதா, விட்டுத் தொலைப்பதா என்ற கேள்வி அவருக்கு வந்த மாதிரி வேறு யாருக்கும் வந்திருக்காது. அதுவும் ஒரு தடவை அல்ல.

பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வரும் அந்தப் பிரசித்தமான பந்தயத்தை ஒரு விளையாட்டுப் பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்கிக் கொள்வதற்காக 1903-ல் ஆரம்பித்தது. 1912-ம் வருஷப் பந்தயத்தில் கிறிஸ்தோஃப் இரண்டாவதாக வந்தார். 1913-ல் அவரே ஜெயிப்பார் என்று பலர் நினைத்தார்கள். அந்த வருஷம் ஜூலை மாதம் 9-ம் தேதி பந்தயக்காரர்கள் பயோன் என்ற ஊரிலிருந்து லூஷோன் என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தூரம் 326 கிலோமீட்டர். நடுவிலே பிரனீஸ் மலைத் தொடர். ஓபிஸ்க், தூர்மலே, ஆஸ்பேன், பேரசூர்த் என்று பெரிய கணவாய்கள் நான்கையும் ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும். தூர்மலே மட்டும் 2,000 மீட்டருக்கு மேல் உயரம். சாலை என்று சொல்லப்பட்டதெல்லாம் கல்லும் புழுதியுந்தான்.

முந்திய வருஷம் ஜெயித்த பெல்ஜியக்காரர் ஒடீல் டிஃப்ரே அன்று வழியிலேயே பந்தயத்தைக் கைவிட்டுவிட்டார். கிறிஸ்தோஃபுக்கு இனி யோகந்தான் என்று தோன்றிய வேளை அது. தூர்மலேயின் உச்சியைத் தாண்டி இறங்கிக் கொண்டிருந்தார். அப்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்துக் கொண்டிருக்கிறதே, கவட்டைக் கம்பு மாதிரி, அந்தக் கவைதான்.

வேறு சைக்கிள் வாங்கிக் கொள்ளக் கூடாது. வேறு யாருடைய உதவியும் பெறக் கூடாது என்பது பந்தயத்தின் சட்டம். கிறிஸ்தோஃப் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கொண்டார். முன் சக்கரத்தைக் கையில் எடுத்துக் கொண்டார். கீழே நடக்க ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள்.

அவர் நடந்து வரட்டும். கொல்லுப் பட்டறை இருக்கும் ஊர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் சைக்கிளின் எலும்புக்கூடு என்பது என்ன சமாசாரம், அது எப்படி உண்டாயிற்று, எதனால் முறிகிறது என்பதை நாம் பார்த்துவிடலாம்.

கிறிஸ்தோஃப் பிறந்த அதே 1885-ம் வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் முன் சக்கரம் பூதாகாரமாகவும் பின் சக்கரம் தட்டு மாதிரியும் இருந்த விபரீத வாகனம். அதன் மேலிருந்து விழுந்தால் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஸ்டார்லி இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாகச் செய்து, பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டினார். சில வருஷங்களுக்குள் அதன் உடம்பு இன்று நாம் காணும் வைர வடிவத்துக்கு வந்துவிட்டது. அதே வருஷத்தில் ஜெர்மனியில் மன்னெஸ்மன் என்ற சகோதரர்கள், கெட்டியான இரும்புத் தடியை உருளைகளுக்கு நடுவே விட்டுத் துளைத்து, ஓட்டுப் போடாத குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒன்று சைக்கிளுக்கு உருவம் கொடுத்தது. மற்றொன்று எலும்பு கொடுத்தது.

எலும்புகள் இருந்தால் போதுமா? மூட்டு வேண்டும் அல்லவா? இங்கேதான் சைக்கிளின் சூட்சுமம் இருக்கிறது. குழாய்களின் முனைகளை ஒரு சிறிய இரும்புக் கூட்டுக்குள் செருகினார்கள். மூட்டைச் சூடேற்றி, வெங்காரம் போட்டு, பித்தளையை உருக்கி உள்ளே ஓட விட்டார்கள். நம் பொற்கொல்லர் வளையலுக்குப் பற்றாசு வைத்து ஊதுகிறாரே, அதே வேலைதான். கொஞ்சம் பெரிய அளவில். இரும்பு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி சூடு வேண்டும். பித்தளை சுமார் 900 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகையால் பற்ற வைக்கும்போது குழாய் உருகுவதில்லை. பித்தளை மட்டும் உருகி, இடுக்கெல்லாம் புகுந்து, ஆறியதும் கெட்டியாகப் பிடித்துக் கொள்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. சூட்டினால் சேர்ந்ததைச் சூட்டினாலேயே பிரிக்கலாம். மூட்டை மறுபடியும் காய்ச்சினால் பித்தளை இளகும். நசுங்கிய குழாயை உருவி எடுத்துவிட்டுப் புதுக் குழாயைச் செருகலாம். மற்ற குழாய்களும் மூட்டுகளும் அப்படியே இருக்கும். பிறக்கும்போதே பழுது பார்ப்பதற்கு வழி வைத்துக் கொண்டு பிறந்த யந்திரம் சைக்கிள். ஆனால் அந்த வேலைக்கு நல்ல கை வேண்டும். அதிகமாகக் காய்ச்சினால் குழாயின் பலம் போய்விடும். குறைவாகக் காய்ச்சினால் பித்தளை உள்ளே ஓடாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும்.

குழாயின் பலம் என்றதும் இன்னொரு பேர்வழியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஆணி செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ். குழாயின் நடுப்பகுதிக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. காய்ச்சுகிற முனைகளுக்குத்தான் கனம் வேண்டும் என்பதை அவர் கவனித்தார். வெளியே பார்த்தால் ஒரே பருமன். உள்ளே முனைகளில் தடிப்பு, நடுவில் மெல்லிசு. இப்படி ஒரு குழாய்க்கு 1897-ல் காப்புரிமை வாங்கினார். 1935-ல் அவருடைய கம்பெனி மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த '531' என்ற உருக்குக் குழாயைக் கொண்டு வந்தது. நடுவிலே அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பந்தயக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

இந்த ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனி 1928-ல் 'டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' என்ற பெரிய ஸ்தாபனத்துடன் சேர்ந்தது. அதே ஸ்தாபனந்தான் 1949-ல் சென்னை முருகப்பா குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டது. 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது. ஆகவே நம் தெருவில் பால் பாத்திரம் சுமந்து ஓடிய ஹெர்குலிஸும், ஐரோப்பிய மலைகளில் ஏறிய '531' குழாய்ச் சைக்கிளும் ஒரு விதத்தில் தாயாதிகள். ஆனால் சுபாவம் வேறு. நம் ஊர் வண்டி தடித்த சாதாரண உருக்கு. சூட்டையும் சம்மட்டியையும் பொறுத்துக் கொள்ளும். பந்தய வண்டி மெல்லிய உருக்கு. பழுது பார்ப்பதற்குத் தகுதியான விலை உண்டு, ஆனால் கண்ட கை படக் கூடாது. பொறுமையுள்ளதற்கு விலை இல்லை. விலையுள்ளதற்குப் பொறுமை இல்லை. மனிதர்களிலும் இந்த இரண்டு ஜாதியையும் பார்த்திருக்கிறோம்.

சரி, இரும்பு எதனால் முறிகிறது? பலமாக மோதினால் முறியும் என்பது குழந்தைக்குக் கூடத் தெரியும். மோதாமலே முறிவதுதான் ஆச்சரியம். இதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது சைக்கிள் அல்ல, ரயில். 1842-ம் வருஷம் மே மாதம் 8-ம் தேதி, வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக் கொண்டிருந்த ஒரு ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தீப்பற்றிக் கொண்டன. வண்டிகளின் கதவுகளோ பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென் துருவப் பிரதேசம் வரையில் கப்பலில் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்த தூமோன் தூர்வீல் என்ற கடற்படைத் தலைவர், மனைவியுடனும் மகனுடனும் அந்த ரயிலில் மாண்டு போனார். பனிமலைகள் செய்யாததை ஓர் இரும்புத் தடி செய்துவிட்டது.

அதற்குப் பிறகு பிரஷ்யாவின் ரயில்வே என்ஜினீயரான ஆகஸ்ட் வோலர் இந்த விஷயத்தையே பிடித்துக் கொண்டு பல வருஷங்கள் பரிசோதனை செய்தார். 1870-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே தடவை சுமத்தினால் இரும்பு சுலபமாகத் தாங்கக் கூடிய பாரம்கூட, லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் அதை முறித்துவிடும். ஆனால் ஒரு வரம்புக்குக் கீழே பாரம் இருந்தால் எத்தனை தடவையானாலும் இரும்பு தாங்கும். இதுதான் அவர் கண்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு கம்பித் துண்டை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். இழுத்து அறுக்க முடியாத கம்பி பத்தாவது தடவை பொட்டென்று விட்டுப் போகும். சைக்கிளின் ஃபிரேம் ஒவ்வொரு மிதியிலும், ஒவ்வொரு பள்ளத்திலும், கண்ணுக்குத் தெரியாமல் இப்படித்தான் மடங்கி நிமிர்ந்து கொண்டிருக்கிறது. எங்கேயோ ஒரு கீறலில், அல்லது மூட்டின் ஓரத்தில், மயிரிழை போல ஒரு விரிசல் பிறக்கிறது. அது நாளுக்கு நாள் வளர்கிறது. கடைசி நாள்தான் நமக்குத் தெரிகிறது.

ஆகவே அடிபட்ட சைக்கிளைப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: வளைந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா? வளைவு என்பது காயம். ஒரு நாள் பட்டது, தன் அளவோடு நின்றுவிட்டது. விரிசல் என்பது வியாதி. அது இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. விரிசல் மேல் பித்தளையை ஓட்டி மூடுவது, புரையோடிய ரணத்தின் மேல் சுண்ணாம்பு தடவுவது போலத்தான். அந்தக் குழாயையே மாற்ற வேண்டும்.

எங்கே பார்ப்பது? நேருக்கு நேர் மோதின சைக்கிளில் அடி முதலில் தெரிவது ஹாண்டில் பாருக்குக் கீழே, தலைக்குழாயை ஒட்டி. மேல் பாரும், பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் கீழ்க் குழாயும் அங்கே வந்து சேருகின்றன அல்லவா? அந்தச் சேர்க்கைக்குச் சற்றுப் பின்னால் குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புடைப்பு விரலுக்குத் தெரியும். பெயின்ட் சுருங்கியிருந்தாலும், குறுக்கே கீறல் விட்டிருந்தாலும், அதைச் சுரண்டிவிட்டு அடியில் இரும்பைப் பார்க்க வேண்டும். குழாய் புடைத்து மடிந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்துவதில் பலன் இல்லை. மடிந்த தகரத்தை நிமிர்த்தினாலும் மடிப்பு நினைவு வைத்துக் கொள்ளும். மடிப்பு இல்லாமல் பின்பக்கத்துக் கம்பிகள் மட்டும் ஒதுங்கியிருந்தால், உருக்கு நம்மிடம் தயவாக நடந்து கொள்ளும். பதமாக வளைத்து ஒரு தடவை இடத்துக்குக் கொண்டு வரலாம்.

ஒதுங்கியிருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் ஒரு பக்கத்து முனையில் நூலைக் கட்டி, அதை முன்னே கொண்டு போய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறு பக்கத்து முனையில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாய்க்கு இரு பக்கமும் நூல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கொத்தனார் தூக்குக் குண்டை நம்புவது போல நான் இந்த நூலை நம்புகிறேன். திண்ணை வைத்தியர்கள் பத்துப் பேரைவிட அது மேலானது.

கடைசியாகக் கவை. ஃபிரேமில் வேறு எந்தக் குழாய் விட்டாலும் சைக்கிள் முனகும், ஆடும், கோணிக் கொண்டு போகும். இறங்கிப் பார்க்க நமக்கு அவகாசம் கொடுக்கும். கவை அப்படிச் சொல்லிக் கொண்டு போவதில்லை. அது முறிந்தால் முன் சக்கரம் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாகப் போகும். ஆகையால் வளைந்த கவையையோ விரிந்த கவையையோ பழுது பார்க்காதே, வேறு போடு என்பதே பொதுவான சாஸ்திரம்.

இதோ, அந்தச் சாஸ்திரத்தை மீற வேண்டிய மனிதர் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

ஊரின் பெயர் சேன்த் மரி த காம்பான். அங்கே ஒரு கொல்லுப் பட்டறை இருந்தது. கொல்லர் உதவி செய்யத் தயாராகவே இருந்தார். ஆனால் பந்தய அதிகாரிகள் கூடவே வந்து வாசலில் நின்று கொண்டார்கள். உலை கொல்லருடையதாக இருக்கலாம், சம்மட்டி கொல்லருடையதாக இருக்கலாம், ஆனால் கை கிறிஸ்தோஃபின் கையாகவே இருக்க வேண்டும். நல்ல வேளையாக அந்தக் கை பூட்டுத் தொழில் பழகிய கை. அவர் உலையை மூட்டினார்; இரும்பைக் காய்ச்சினார்; அடித்தார்; அராவினார்; முறிந்த கவையைப் பொருத்திப் பற்ற வைத்தார். ஒரு கையால் இரும்பைப் பிடித்துக் கொண்டு மறு கையால் வேலை செய்யும்போது துருத்தி ஊத மூன்றாவது கை ஏது? ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான். அதிகாரிகள் அதையும் குறித்துக் கொண்டார்கள். பிறர் உதவி பெற்றதற்காகப் பத்து நிமிஷம் தண்டனை! பிறகு அதை மூன்று நிமிஷமாகக் குறைத்தார்கள் என்பது தர்மம்.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேலை நடந்தது. ஜெயிக்கும் ஆசை அதற்கு முன்பே போய்விட்டது; அது மலைப்பாதையில் நடக்கும்போதே போய்விட்டது. பழமொழியின்படி பார்த்தால், அந்தக் கவையைப் பழுது பார்ப்பதைவிட நஷ்டமான காரியம் உலகத்தில் இருக்க முடியாது. சுண்டைக்காயே இல்லை; வெறும் சுமைகூலிதான் இருந்தது.

அது மட்டுமா? இனிமேல் ஆஸ்பேன் இருக்கிறது, பேரசூர்த் இருக்கிறது. இரண்டு மலை ஏற வேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டு மலை இறங்க வேண்டும், தாமே பற்ற வைத்த கவையின் மேல். கடைக்காரர் பற்ற வைத்தால், அது விடாது என்று அவர் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். கிறிஸ்தோஃபுக்கு அந்த வசதி இல்லை. தம் வேலையைத் தாமே நம்பி ஏற வேண்டும்.

அவர் ஏறினார். சுமார் நாலு மணி நேரம் பின்தங்கி லூஷோன் வந்து சேர்ந்தார். அப்போதும் அவர் கடைசி ஆள் அல்ல. அவருக்குப் பின்னாலும் சிலர் வந்தார்கள். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது மொத்தத்தில் ஏழாவதாக நின்றார். அந்த வருஷம் ஜெயித்தவர் பெல்ஜியத்தின் ஃபிலிப் தீஸ்.

பிறகு உலக யுத்தம் வந்தது. முன் வருஷங்களில் அதே பந்தயத்தில் வெற்றி பெற்ற பெத்தி பிரெத்தோன், ஃபாபேர், லாப்பீஸ் மூவரும் யுத்தத்தில் மாண்டார்கள். கிறிஸ்தோஃப் உயிரோடு திரும்பினார். 1919-ல் பந்தயம் மறுபடியும் ஆரம்பமானபோது அவருக்கு முப்பத்து நாலு வயது. முன்னணியில் இருப்பவரை ஜனங்கள் அடையாளம் தெரிந்து கொள்வதற்காக மஞ்சள் சட்டை போடுவது என்று அந்த வருஷந்தான் ஏற்பாடு செய்தார்கள். இன்று உலகப் பிரசித்தி பெற்ற அந்த மஞ்சள் சட்டையை முதல் முதலில் அணிந்தவர், கிரனோபில் நகரத்தில், கிறிஸ்தோஃப்.

பாரிஸுக்கு இன்னும் இரண்டே கட்டங்கள் பாக்கி. அடுத்தவரைவிட அவர் 28 நிமிஷம் முன்னால் இருந்தார். மெட்ஸிலிருந்து டன்கர்க்குக்கு 468 கிலோமீட்டர். யுத்தம் சின்னாபின்னமாக்கிய வட பிரான்ஸின் கல் பாவிய சாலைகள். வாலன்சியேன் நகரத்துக்குப் பக்கத்தில் முன் கவை மறுபடியும் முறிந்தது. 1913-ல் பற்ற வைத்த கவை அல்ல, வேறு சைக்கிள், வேறு கவை. ஆனால் முறிந்த உறுப்பு அதேதான். இந்தத் தடவை பக்கத்திலேயே ஒரு சைக்கிள் பட்டறை அகப்பட்டது. மறுபடியும் தாமே வேலை செய்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மஞ்சள் சட்டை ஃபிர்மேன் லாம்போ என்ற பெல்ஜியக்காரருக்குப் போயிற்று. கிறிஸ்தோஃப் மூன்றாவதாக வந்தார். பந்தயம் நடத்திய பத்திரிகை அவருக்காக நிதி திரட்டியது. ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 1922-ல் கலிபியே மலை இறக்கத்தில் மூன்றாந் தடவையாகக் கவை முறிந்தது என்று சொன்னால், கதை கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். பழுது பார்ப்பது லாபமா, நஷ்டமா என்பதற்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. 1890-களில் அமெரிக்காவில் ஒரு நல்ல 'கொலம்பியா' சைக்கிள் 100 டாலர். ஒரு தொழிலாளிக்கு அது பல வாரச் சம்பளம். அப்படிப்பட்ட பொருளை யார் தூக்கி எறிவார்கள்? பழுது பார்க்கும் கடைகள் செழித்தன. 1892-ல் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்த இரண்டு சகோதரர்கள் பிறர் சைக்கிளைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து, 1896 முதல் தாங்களே சைக்கிள் செய்தார்கள்; 1903-ல் ஆகாய விமானமே செய்துவிட்டார்கள். ரைட் சகோதரர்களைத்தான் சொல்கிறேன். பிறகு யந்திரங்கள் பெருகிச் சைக்கிள் விலை இறங்கியது. கைவேலைக் கூலி ஏறியது. தராசு மறு பக்கம் சாய்ந்தது. நம் தேசத்தில் அந்தத் தராசு வெகு காலம் பழைய பக்கமே சாய்ந்திருந்தது. கூலி குறைவு, இரும்பு கிராக்கி. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகளில், எத்தனை பற்று விழுந்த ஃபிரேம்கள் எத்தனை பையன்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தன!

இன்று அலுமினிய ஃபிரேமும் கார்பன் ஃபிரேமும் வந்துவிட்டன. பற்ற வைத்த அலுமினியத்துக்குப் பழைய பலம் திரும்ப வேண்டுமானால் மறுபடியும் கணக்காகச் சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். அதற்குத் தெருக்கோடிக் கடையில் வசதி இராது. மலிவான உருக்குச் சைக்கிளில் மூட்டுக் கூடே கிடையாது. குழாயோடு குழாயை நேராக உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒரு குழாயை மட்டும் உருவி எடுப்பது பிரயாசையான வேலை. அதற்கு ஆகும் கூலியில் புதுச் சைக்கிளே வந்துவிடும் என்றால், பழமொழி ஜெயித்துவிட்டது. ஒப்புக் கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் என் அபிப்பிராயத்தில் கேள்விகள் இரண்டு. பழுது பார்த்தால் இதை நம்பலாமா என்பது ஒன்று. பழுது பார்ப்பது கட்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இரும்புதான் பதில் சொல்ல வேண்டும். நம்முடைய சிக்கனமோ, ஆசையோ, அப்பாவின் சைக்கிள் என்ற பாசமோ அங்கே வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்கு அவரவர் மனம்போலப் பதில் சொல்லிக் கொள்ளலாம். விடிந்ததும் பால் கொண்டு போக வேண்டியவருக்கு ஒரு கணக்கு. அப்பா ஓட்டிய சைக்கிளை வைத்துக் கொள்ள வேண்டும் என்கிறவருக்கு ஒரு கணக்கு. அவற்றில் தவறு ஒன்றுமில்லை. தவறு எங்கே வருகிறதென்றால், இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பதால் வருகிறது. மலிவாக முடிகிறதே என்று விரிந்த கவைக்குப் பற்று வைப்பவரும், கூலி அதிகம் என்று சாதாரண வளைவுள்ள நல்ல ஃபிரேமைக் காயலான் கடையில் போடுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவரும் பணப்பையைத் தடவினார்கள், குழாயைத் தடவவில்லை.

சேன்த் மரி த காம்பானில் கிறிஸ்தோஃபின் நினைவாகப் பலகை வைத்திருக்கிறார்கள், சிலையும் இருக்கிறது. அந்தப் பந்தயத்தை ஒரு தடவைகூட ஜெயிக்காத அவர் 1970-ல், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். அன்றைக்குப் பட்டறையில் அவர் கணக்குப் போடாமல் வேலை செய்தார் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் தெரிந்தவர், ஆறிய இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் சக்கரத்தை மாட்டியிருக்க மாட்டார். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அவர் சைக்கிளில் ஏறினார். இரண்டாவது கேள்வியை அன்று அவர் கேட்கவே இல்லை. ஆஸ்பேனை ஏறி இறங்கினார். பேரசூர்த்தையும் ஏறினார். உச்சியிலிருந்து லூஷோனுக்குச் சாலை வளைந்து வளைந்து கீழே போகிறது. தம் கையால் பற்ற வைத்த கவையை நம்பி, அந்த இறக்கத்தில் வண்டியை விட்டார்.